போனவரைத் திட்டுகிறீர்கள், சரி. அனுப்புகிறவர்களை?

கேள்வி: ஒப்பந்தத்தில் இன்னும் 3 வருஷம் பாக்கி இருக்கும்போதே, 2013இல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியைக் கைவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்குப் போனார் கோச் டாக் ரிவர்ஸ். தோற்றுக்கொண்டிருந்த காலத்திலும் அவரைத் தாங்கிப் பிடித்த அணி அது. ஒரு கோச்சுக்குக் கொஞ்சமாவது விசுவாசம் வேண்டாமா?

பதில்: விசுவாசத்தைப் போகிறவரிடம் மட்டும்தான் கேட்பீர்களா?

இதே பாஸ்டன் 2017இல் தன் ஆட்டக்காரர் ஐசையா தாமஸுக்குச் செய்ததைப் பாருங்கள். அந்த வருஷ பிளேஆஃபில், அதாவது பட்டத்துக்கான கடைசிக் கட்டச் சுற்றுகளில், பாஸ்டனின் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் மனிதர் களத்தில் இறங்கி ஆடினார். மே 2ஆம் தேதி, தங்கையின் பிறந்தநாளன்று, வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளி எடுத்தார். ஆகஸ்டில் அவரைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பிவிட்டு அந்த அணியின் கைரி இர்விங்கை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் பிசினஸ். ரிவர்ஸ் போனால் மட்டும் துரோகமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

கிளிப்பர்ஸ் மட்டும் என்ன யோக்கியம்? அங்கே ரிவர்ஸுக்கு முன்னால் வின்னி டெல் நெக்ரோ கோச்சாக இருந்தார். 2012-13 சீசனில் 56 வெற்றி, அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் டிவிஷன் (லீக்கின் உட்பிரிவு) பட்டம். சீசன் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வழியனுப்பிவிட்டார்கள்.

தாங்கிப் பிடித்த அணி என்று நீங்கள் சொல்வது உண்மைதான். 2006-07இல் பாஸ்டன் ஜெயித்தது 24, தோற்றது 58, அதில் தொடர்ச்சியாக 18 தோல்வி. வேறு அணியாக இருந்தால் கோச் பாதியிலேயே வீட்டுக்குப் போயிருப்பார். பாஸ்டன் அவரை வைத்துக்கொண்டது, அடுத்த கோடையில் கெவின் கார்னெட், ரே ஆலன் என்ற இரண்டு நட்சத்திர ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து கொடுத்தது. அவர் 66 வெற்றியோடு 2008 பட்டத்தை வாங்கிக் கொடுத்தார், இறுதித் தொடரில் லேக்கர்ஸை 4-2 என்று வீழ்த்தி, 22 வருஷத்துக்குப் பிறகு. அந்தக் கடன் அன்றைக்கே வட்டியோடு தீர்ந்துவிட்டது என்பது என் கணக்கு.

அப்புறம், அவர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போகவில்லை. பாஸ்டனில் ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த டேனி ஏஞ்ச் பேரம் பேசித்தான் விட்டார். முதலில் கார்னெட்டையும் சேர்த்து அனுப்பி, பதிலுக்குக் கிளிப்பர்ஸின் டிஆண்ட்ரே ஜோர்டானை வாங்கப் பார்த்தார்கள். கோச்சை வைத்து ஆட்டக்காரர்களை டிரேட் செய்யக்கூடாது என்று லீக்கின் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் கறாராகச் சொன்னதும் அது படுத்துவிட்டது. கடைசியில் ரிவர்ஸுக்கு ஈடாகக் கிளிப்பர்ஸின் 2015 முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பை (புதுமுக ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்துக்கொண்டார்கள். அது 28ஆவது இடமாகி, அதில் வந்த பையனை ஒரே சீசனில் பாஸ்டன் கழற்றிவிட்டது. ஆனால் பாக்கியிருந்த சுமார் 2.1 கோடி டாலர் சம்பளம் பாஸ்டனின் தலையிலிருந்து இறங்கியது. அடுத்த மாதமே கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளினுக்கு அனுப்பி முதல் சுற்று வாய்ப்புகளை அள்ளினார்கள், 36 வயது பிராட் ஸ்டீவன்ஸைக் கல்லூரி அணியிலிருந்து கோச்சாகக் கூட்டி வந்தார்கள். பின்னாளில் நட்சத்திரங்களான ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் கிடைத்தது அந்தப் புரூக்ளின் பேரத்தால்தான். 2024இல் பட்டம். ரிவர்ஸ் போனதால் பாஸ்டன் எதை இழந்தது, சொல்லுங்கள்?

எனக்கு அவர்மேல் குறை இருக்கிறது, அது வேறு. 2011இல் 5 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாரே, அன்றைக்கே கார்னெட், பியர்ஸ், ஆலன் மூவருக்கும் வயது முப்பதைத் தாண்டியாயிற்று. அணியைச் சீக்கிரமே கலைத்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். அந்த வேலைக்குப் பொறுமை இல்லையென்றால் 2 வருஷத்துக்கு மட்டும் போட்டிருக்கலாம். இதைக் கேளுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

போன இடத்தில் என்ன ஆயிற்று? 2014இல் முதலாளி டொனால்ட் ஸ்டெர்லிங்கின் இனவெறிப் பேச்சு பிளேஆஃப் நடுவில் வெளியானபோது அணி சிதறாமல் காத்தது பெரிய காரியம், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு கோச் வேலையோடு ஆள் எடுக்கும் அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, 2015இல் சொந்த மகன் ஆஸ்டினையே அணிக்குக் கொண்டுவந்தார். அதிகாரத்தை 2017இல் பிடுங்கிவிட்டார்கள். 2015இல் ஹூஸ்டனிடமும் 2020இல் டென்வரிடமும் ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்து தோற்றார்கள். 7 வருஷத்தில் ஒரு தடவைகூட இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

2020இல் பிலடெல்பியாவுக்குப் போனார். 2023இல் அங்கேயும் இரண்டாம் சுற்று, எதிரில் பாஸ்டன், ஏழாவது ஆட்டம். டேட்டம் 51 புள்ளி அடித்துத் தள்ளினார். புதிதாகக் கட்டும் வரை காத்திருக்க ரிவர்ஸுக்கு மனசில்லாத அதே அணி! இரண்டே நாளில் பிலடெல்பியா அவரை வேலையிலிருந்து நீக்கியது. பிலடெல்பியாவின் விசுவாசத்தைக் கேட்டு எனக்கு இதுவரை ஒரு கடிதம்கூட வரவில்லை.