கேமரா கேள்வி–பதில்: போன் போதுமா, தனிக் கேமரா வேண்டுமா?

பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், போனையும் தனிக் கேமராவையும் ஒப்பிட்டுக் கேட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

என் போனில் 200 மெகாபிக்சல். நண்பரின் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராவில் 24 மெகாபிக்சல்தான். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் அவர் படம்தான் தெளிவாக இருக்கிறது. எப்படி?

மெகாபிக்சல் என்பது சென்சாரை (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு) எத்தனை கட்டங்களாக வெட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே. சென்சார் எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது. 200 மெகாபிக்சல் போன்களில் பரவலாக இருப்பது 1/1.3 அங்குல வகைச் சென்சார். அதன் உண்மையான அளவு ஏறத்தாழ 10 × 7.5 மி.மீ. நண்பரின் கேமரா ஏபிஎஸ்-சி வகை என்றால் அதன் சென்சார் 23.5 × 15.6 மி.மீ. பரப்பில் ஐந்து மடங்கு பெரியது. ஃபுல் ஃப்ரேம் என்றால் 36 × 24 மி.மீ., பன்னிரண்டு மடங்கு வரும்.

உங்கள் போனில் ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான்தான். அவ்வளவு சிறிய பிக்சலில் விழும் ஒளி போதாது என்பதால், பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகவே போன் வழக்கமாகச் சேமிக்கிறது. 200 மெகாபிக்சல் முறையை நல்ல வெயிலில், அசையாத காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது கோப்பைப் பெரிதாக்கும், விவரம் கூடாது.

கிட் லென்ஸோடு (கேமராவுடன் சேர்த்து விற்கும் லென்ஸ்) ஒரு ஏபிஎஸ்-சி கேமரா வாங்கினேன். மாலையில் வீட்டுக்குள் எடுத்தால் போனில் வருவது போலக்கூட வரவில்லை. கேமரா கெட்டுவிட்டதா?

கேமராவில் ஒரு பழுதும் இருக்காது. முதல் கேமரா வாங்குபவர்களில் பலர் சோர்ந்துபோய் அதைப் பீரோவில் வைத்துவிடுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

போனின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் எஃப்/1.8 அளவில் திறந்திருக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது). உங்களுடைய 18-55 மி.மீ. லென்ஸ் (இந்த மி.மீ. குவியத் தொலைவு; எண் கூடினால் காட்சி நெருங்கித் தெரியும்) 18-இல் எஃப்/3.5, 55-இல் எஃப்/5.6. சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளியைக் கணக்கிட்டால், எஃப்/1.8 லென்ஸ் எஃப்/3.5 லென்ஸைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு தருகிறது. உங்கள் சென்சார் ஐந்து மடங்கு பெரியது. லென்ஸ் தரும் ஒளியோ நாலில் ஒரு பங்கு. ஆக, பெரிய சென்சாருக்காக நீங்கள் கொடுத்த பணத்தின் பலனில் பெரும்பகுதியை அந்த லென்ஸே தின்றுவிடுகிறது.

அதற்கு மேல், போன் ஒரு படம் எடுப்பதில்லை. பொத்தானை ஒருமுறை தொட்டால் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கை அசைவைச் சரிசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டான பகுதியை வெளுத்து, பளிச்சென்ற பகுதியை அடக்கித் தருகிறது. உங்கள் கேமரா எடுப்பது ஒரே படம். ஆட்டோவில் விட்டால் ஷட்டரை (ஒளி விழும் நேரம்) 1/30 நொடி வரைக்கும்கூட இறக்கிவிடும். குழந்தை தலையைத் திருப்பினாலே அந்தப் படம் கலங்கிவிடும்.

முதல் வேலையாக மோட் டயலை ஏ (சில கேமராக்களில் ஏவி) என்ற இடத்துக்குத் திருப்பி, அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு) அந்த லென்ஸ் தரும் மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) மெனுவில் உச்ச வரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 நொடி என்று கொடுங்கள். ஓடியாடும் பிள்ளைகளுக்கு 1/500 வேண்டும். ஐஎஸ்ஓ கூடினால் மணல் தூவியது போலப் புள்ளிகள் வருமே என்று அஞ்ச வேண்டாம். புள்ளிகளை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். அசைவில் கலங்கிய படத்தை மீட்கவே முடியாது. ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டுவதும் உதவாது. புள்ளிகள் அப்போதும் வரும், நிறமும் கெடும்.

கோப்பை ரா வகையில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) சேமியுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலில் இருக்கும் முகத்தை எடிட்டிங்கில் வெளிச்சமாக்க இந்தக் கூடுதல் படிகள்தான் கைகொடுக்கும். ரா வேண்டாம் என்றால் கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டிஆர்ஓ என்ற வசதியை இயக்கி வைத்தால் போன் செய்யும் வேலையில் ஒரு பகுதியைக் கேமராவே செய்யும்.

இவ்வளவும் செய்த பிறகு அடுத்து வாங்க வேண்டியது 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். கிட் லென்ஸ் 35 மி.மீ.-இல் ஏறத்தாழ எஃப்/4.5 திறக்கும், இது அதைவிட ஆறு மடங்கு ஒளி தரும். அதாவது கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 கேட்ட காட்சிக்கு இதில் 1000 போதும். இந்த இரண்டாவது லென்ஸுக்குச் சேர்த்துத் திட்டமிடாமல் கேமரா வாங்க வேண்டாம் என்பதே புதியவர்களுக்கு எங்கள் உறுதியான யோசனை. கேமராவை ஒரு படி குறைத்தாவது லென்ஸை வாங்குங்கள்.

போனில் போர்ட்ரெய்ட் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது. முடியின் ஓரமும் கத்தரித்தது போல இருக்கிறது.

இரண்டும் வெவ்வேறு கோளாறு. மூக்கு பெரிதாவது தூரத்தால். அகன்ற கோண லென்ஸில் முகம் சட்டத்தை நிரப்ப வேண்டுமென்று அரை மீட்டருக்குள் நெருங்கிவிடுகிறீர்கள். காதைவிட மூக்கு லென்ஸுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. 2 அல்லது 3 மடங்கு ஸூம் வைத்துக்கொண்டு ஒன்றரை மீட்டருக்குப் பின்வாங்கினால் சரியாகும்.

முடியின் ஓரம் கெடுவது, பின்னணி மங்கலை மென்பொருள் வரைந்து சேர்ப்பதால். சிலும்பிய முடி, மூக்குக் கண்ணாடி, கம்பி வேலி ஆகியவற்றில் எது முன்னே, எது பின்னே என்ற கணிப்பு தவறும். பின்னணி வெறும் சுவராகவோ ஒரே நிறமாகவோ இருந்தால் தவறு தெரியாது. மங்கலின் அளவையும் பாதிக்குக் கீழே குறைத்து வையுங்கள். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் மங்கல் ஒளியியலால் தானாகவே வருவதால் இந்தச் சிக்கலே எழாது.

பறவைகளைப் படமெடுக்க ஆசை. 5 மடங்கு ஆப்டிகல் ஸூம் உள்ள போன் போதுமா?

போதாது. கணக்கைப் பாருங்கள். 20 மீட்டர் தொலைவில் 20 செ.மீ. நீளமுள்ள ஒரு பறவை. 12 மெகாபிக்சல் படத்தில், போனின் முதன்மைக் கேமராவில் அது 30 பிக்சல்கூட வராது. 5 மடங்கு கேமராவில் 140 பிக்சல் அளவுக்கு வரும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால் 760 பிக்சலுக்கு மேல். இறகின் வரிகளைப் பார்க்க வேண்டுமானால் மூன்றாவதுதான் வழி. 55-250 அல்லது 70-300 லென்ஸில் தொடங்குங்கள். 150-600 லென்ஸைக் கையில் பிடித்து நெடுநேரம் நிற்பது கடினம், பிறகு பார்க்கலாம்.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் 1/500, பறப்பதற்கு 1/2000. ஃபோகஸைத் தொடர் முறையில் (ஏஎஃப்-சி, கேனானில் ஏஐ சர்வோ) வையுங்கள். நண்பகலில் தரையையொட்டி வெகுதூரத்தில் எடுத்த படம் குழைந்து தெரிந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். சூடான காற்றின் அலைவு அது. காலையில் போனால் மறையும்.

குழல் விளக்கு, எல்ஈடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. போன், மிரர்லெஸ் இரண்டிலும்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும், 60 ஹெர்ட்ஸில் 120 முறை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. விளக்கு மங்கிய கணத்தில் படித்த வரிகள் கறுப்பாகின்றன. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டரை 1/100 அல்லது 1/50, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120 அல்லது 1/60 என்று வையுங்கள். போனில் ப்ரோ மோடில் இதைச் செய்யலாம். மிரர்லெஸ்ஸில் சைலண்ட் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். மங்கலாக்கும் வசதியுள்ள எல்ஈடி விளக்குகள் வேறு வேகத்தில் மினுக்குவதால், அவற்றை முழு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படத்தை ஏ3 அளவில் அச்சிடலாமா?

தாராளமாக. 4000 × 3000 படம் ஏ3-இல் அங்குலத்துக்கு 240 புள்ளி அளவுக்கு வரும், சுவரில் மாட்டிப் பார்க்கப் போதும். டிஜிட்டல் ஸூம் செய்யாத படமாக இருக்க வேண்டும். 2 மடங்கு வெட்டினால் 3 மெகாபிக்சல்தான் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) ஒன்று விலைக்கு வருகிறது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

லென்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை, வாங்க வேண்டாம். ஓரிரண்டு தூசி இருந்தால் பாதகமில்லை. அடுத்து எஃப்/16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை எடுங்கள். சாம்பல் நிறப் பொட்டுகள் சென்சாரிலுள்ள தூசி, துடைத்தால் போகும். லென்ஸை மூடி 30 நொடி எக்ஸ்போஷர் கொடுங்கள். வண்ணப் புள்ளிகள் சில தெரிவது இயல்பு, வரிசையாகக் கோடு விழுந்தால் சென்சார் பழுது.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதைக் கேளுங்கள். தொடக்கநிலைக் கேமராக்களின் ஷட்டர் ஒரு லட்சம் முறை அளவுக்கும், அதற்கு மேற்பட்டவை ஒன்றரை, இரண்டு லட்சத்துக்கும் வடிவமைக்கப்பட்டவை. நிக்கானில் படக் கோப்பிலேயே இந்த எண் பதிவாகியிருக்கும்.

லென்ஸ் பொருத்தத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது; ஏஎஃப்-டி லென்ஸ் (கேமராவிலுள்ள மோட்டாரை நம்பும் பழைய வகை) போட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேனானில் ஈஎஃப்-எஸ் (ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கான) லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் ஏறாது.

லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைப்பது?

தோல் உறையில் மூடி வைப்பதை முதலில் நிறுத்துங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறு ஈரப்பத மானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள்; 110–120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். நீல நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு உண்டு, வீட்டில் அது வேண்டாம். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கத்துக்குப் போகும்போது அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள்.

பூச்சி, பூ, பனித்துளி இவற்றுக்கு எது நல்லது?

இங்கே போனுக்கு ஓர் உண்மையான அனுகூலம் உண்டு. சென்சார் சிறியது என்பதால் முன்னும் பின்னும் அதிக ஆழம் தெளிவாக விழும். ஏபிஎஸ்-சி கேமராவில் மேக்ரோ (மிக நெருங்கி எடுக்கும்) லென்ஸை 1:1 பெரிதாக்கத்தில் (சென்சாரில் உயிரளவு) எஃப்/11 வைத்தாலும் 1 மி.மீ. ஆழம்கூடத் தெளிவாகக் கிடைக்காது. ஆனால் போனின் மேக்ரோ முறை பெரும்பாலும் அகலக் கோணக் கேமராவுக்குத் தாவி, 2, 3 செ.மீ. வரை நெருங்கச் சொல்லும். போனின் நிழலே பூவின் மேல் விழும், பூச்சியும் ஓடும். மேக்ரோவை அணைத்துவிட்டு, முதன்மைக் கேமராவில் 2 மடங்கு வைத்து 15–20 செ.மீ. தள்ளி எடுத்துப் பாருங்கள். பூச்சிகளை விடியற்காலையில் தேடுங்கள். உடல் குளிர்ந்திருப்பதால் அசையாமல் இருக்கும்.

தனிக் கேமராவில் மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் எக்ஸ்டென்ஷன் டியூப் போதுமா என்று பாருங்கள். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. டியூப் மாட்டினால் பாதி உயிரளவுக்குப் பெரிதாகும், ஒளி மட்டும் ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி பாதியாகும் அளவு) சற்று மேல் குறையும். உள்ளே கண்ணாடி கிடையாது என்பதால் தெளிவை அதுவாகக் கெடுக்காது. மின் தொடர்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அவை இல்லாவிட்டால் பெரும்பாலான இக்கால லென்ஸ்களில் அப்பர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்றவே முடியாது.