இரண்டாவது புள்ளி போதுமா? புதிய ஆற்றுமீன் இனத்தை அறிவிக்க விரும்பும் வாசகருக்கு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓர் ஆற்றின் மேற்பகுதியில் சிறிய கெண்டை ஒன்றைப் பல பருவங்களாகப் பார்த்துவருகிறேன். விரல் நீளம்தான் இருக்கும். கையேட்டில் அதைப் போன்ற மீனுக்கு வாலடியில் ஒரே ஒரு கரும்புள்ளி. இதற்கு முதுகுத்துடுப்பின் கீழும் ஒன்று இருக்கிறது. இது புதிய இனமா? மரபணுச் சோதனை செய்தால் உறுதியாகிவிடுமா? நான் விலங்கியல் படித்தவன் அல்ல. நானே அறிவிக்க முடியுமா? என் அம்மாவின் பெயரை வைக்க ஆசை."

முதலில் அந்தப் புள்ளியைப் பார்ப்போம். எல்லா மீன்களிலும், இரு பக்கமும், அதே செதில்களின் மேல் அது இருக்கிறதா? நன்னீர் மீன்களின் தோலுக்குள் சில தட்டைப்புழுக்களின் இளம்பருவம் உறை அமைத்துத் தங்குவதுண்டு. அந்த உறையைச் சுற்றி மீனின் உடல் கருநிறமியைச் சேர்க்கும். வெளியே பார்த்தால் குண்டூசித் தலையளவில் கரும்புள்ளி தெரியும். ஆனால் அது ஒரு மீனில் இருக்கும், பக்கத்து மீனில் இருக்காது. இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இருக்காது. உங்கள் மீன்களில் புள்ளி சீராக இருந்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்தது. அடுத்து வயதையும் பாலினத்தையும் பாருங்கள். பல சிறு கெண்டைகளுக்குக் குஞ்சுப் பருவத்தில் உள்ள புள்ளியும் பட்டையும் வளர்ந்தபின் மங்கிவிடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் நிறம் கூடும். மூக்குமுனையில் வெண்ணிறச் சிறு முனைப்புகள் தோன்றும். ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்களாக விவரித்த சம்பவங்கள் வகைப்பாட்டியலில் இருக்கின்றன.

இவை எல்லாவற்றையும் கடந்தும் புள்ளி நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது ஒரு நல்ல சந்தேகம் மட்டுமே. புதிய இனம் என்று சொல்ல விரும்புகிறவர் தன் மீனைவிட மற்றவர்கள் ஏற்கெனவே பெயர் வைத்த மீன்களைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டியிருக்கும். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் இந்த மீனுக்கு ஏன் பொருந்தாது என்று காட்டுவதே வேலையின் பெரும்பகுதி. பொறுமையும் நேரமும் செலவாவது இங்கேதான்.

விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்குச் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸின் 1758-ஆம் ஆண்டு நூலைத் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பின் முறையாக வெளியான எந்தப் பெயரும் உயிருள்ள பெயரே. இன்று ஒருவர் அதை வேறொரு இனத்தோடு சேர்த்து ஒதுக்கிவைத்திருந்தாலும் அது செத்துப்போவதில்லை. 150 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் உங்கள் ஆற்றிலேயே இந்த மீனைப் பிடித்துப் பெயர் வைத்திருக்கலாம். பின்னால் வந்தவர் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டியிருக்கலாம். அப்படியானால் உங்கள் மீனுக்குப் புதிய பெயர் தேவையில்லை. அந்தப் பழைய பெயருக்கு மறுவாழ்வு கொடுக்கவேண்டும். கையேடுகளில் இப்படிப்பட்ட பெயர்கள் இருக்காது. கலிஃபோர்னியா அறிவியல் கழகம் இணையத்தில் பராமரிக்கும் எஷ்மேயரின் மீன் அட்டவணையில் இருக்கும். இதுவரை மீன்களுக்கு வெளியான பெயர்கள், அவை வெளியான ஆண்டு, மூல மாதிரி (பெயர் வைக்க அடிப்படையாக இருந்த மீன்) கிடைத்த இடம், அது இன்று எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்ற விவரங்களை அதில் தேடலாம். உங்கள் மீனின் பேரினத்தைத் தட்டி, அதில் வரும் பெயர்கள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றுப்படுகை வேறு, கண்டம் வேறு என்று அடித்துவிடக்கூடியவை போக எஞ்சும் பெயர்களே உங்கள் உண்மையான போட்டியாளர்கள்.

அவற்றில் சில தொல்லை தரும். ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கையின் மீன்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தார். இன்று ஆய்வகங்களில் எங்கும் வளரும் வரிக்குதிரை மீனுக்குப் பெயர் தந்தவரும் அவரே. ஆனால் அவர் விவரித்த மீன்களின் மூல மாதிரிகள் இன்று இல்லை. சுருக்கமான விவரிப்பும் சில ஓவியங்களும்தான் இருக்கின்றன. அத்தகைய பெயர் எந்த மீனைக் குறிக்கிறது என்ற குழப்பம் வந்தால், அவர் சொன்ன இடத்துக்கே போய் மீன் பிடித்து ஒப்பிடுவதைத் தவிர நம்பத்தக்க வழி இல்லை. உங்கள் மீனுக்கு மிக நெருங்கிய இனத்தை அதன் மூல இடத்திலிருந்து கிடைத்த மாதிரிகளோடு ஒப்பிடச் சொல்வது இதனால்தான். வேறு ஆற்றில் பிடித்த, அதே பெயர் ஒட்டிய மீனோடு ஒப்பிட்டால் தவறான மீனோடு ஒப்பிட்டதாகவும் முடியலாம்.

தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மியான்மரின் நீரோடைகளைச் சேர்ந்த டானியோனெல்லா என்ற கண்ணாடி போன்ற சின்னஞ்சிறு மீனை மூளை ஆராய்ச்சிக் கூடங்கள் ஆண்டுக்கணக்கில் வளர்த்துவந்தன. முழு வளர்ச்சியிலும் அதன் நீளம் ஒன்றரை சென்டிமீட்டரைத் தொடாது. 1986-இல் விவரிக்கப்பட்ட டானியோனெல்லா டிரான்ஸ்லூசிடா என்ற பெயரில்தான் அது அறியப்பட்டிருந்தது. நுண்ணோக்கியில் தினமும் பார்க்கப்பட்ட மீன் அது. ஆனாலும் எலும்பமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது அது வேறு இனம் என்று தெரியவந்து, 2021-இல் டானியோனெல்லா செரிப்ரம் என்ற பெயர் பெற்றது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே புள்ளியில் வேறுபட்டால் வேறு இனம் என்பதும் சரியல்ல. புள்ளி ஒத்தால் ஒரே இனம் என்பதும் சரியல்ல.

இனி மீன் பிடிப்பது. புகைப்படம் மட்டும் வைத்து இனத்தை விவரிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். மாதிரி வேண்டும், அதற்கு எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். மீன்வளத்துறை, வனத்துறை, உயிரினப் பன்முகத்தன்மைச் சட்டம் என்று நாட்டுக்கு நாடு கதவுகள் மாறும். திசுவையோ மாதிரியையோ எல்லை தாண்டி அனுப்புவதற்கு, மரபு வளங்களின் பயனைப் பகிர்வது பற்றி 2014-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையான நகோயா நெறிமுறையின் கீழ் தனி விதிகளும் இருக்கலாம். அனுமதி இல்லாத மாதிரியை நல்ல அருங்காட்சியகம் வாங்காது. நல்ல ஆய்விதழும் ஏற்காது. இதில் குறுக்குவழி தேடவேண்டாம்.

ஒரே இடத்திலிருந்து ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு வளர்ந்த மீன்கள் இருந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். எண்ணிக்கை குறைந்த மீன் என்று தோன்றினால் குறைவாக எடுங்கள். பெயரிடல் விதிகளின்படி ஒரு மாதிரியே போதும். பிடித்தவுடன், உயிரோடு இருக்கும்போதே, ஒடுக்கமான கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பக்கவாட்டில் படம் எடுங்கள். அளவுகோலும் படத்தில் இருக்கட்டும். சிவப்பும் மஞ்சளும் எத்தனாலில் சீக்கிரமே கரைந்துபோகும். கருமை மட்டும் நிற்கும். சில ஆண்டுகள் கழித்து உங்கள் மீனின் நிறத்துக்கு அந்தப் படம்தான் சாட்சி. பிறகு மயக்க மருந்தை அதிக அளவில் கொடுத்து வலியின்றிக் கொல்லவேண்டும். அடுத்த படியில் வரிசை முக்கியம்: வலப்பக்கத் துடுப்பிலிருந்து சிறு துண்டை வெட்டி 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் இட்ட பிறகுதான் மீனை ஃபார்மலினில் போடவேண்டும். ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும். துடுப்புகளை விரித்துவைத்து, 10 சதவீத ஃபார்மலினில் உடலை இறுகவிட்டு, நீரில் கழுவி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுவார்கள். ஃபார்மலின் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கேடு. பயிற்சி பெற்றவர் அருகில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண். அதே எண் திசுக் குப்பியிலும், படத்திலும், குறிப்பேட்டிலும் இருக்கவேண்டும். இடம், தேதி, ஆழம், நீரோட்டம், அடித்தளம் மணலா கூழாங்கல்லா என்பதை அங்கேயே பென்சிலால் எழுதுங்கள்.

எண்ணும் வேலையைப் பலர் சலிப்பானது என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதியே அதுதான். மீனைத் தலை இடப்பக்கம் இருக்கும்படி நுண்ணோக்கியின் கீழ் கிடத்துங்கள். எண்ணுவதும் அளப்பதும் இடப்பக்கத்தில் என்பது மரபு. வலப்பக்கத்தை வெட்டத் தயங்காமல் இருப்பதும் அதனால்தான். எத்தனாலிலிருந்து எடுத்த மீன் ஈரத்தில் பளபளக்கும். செதில் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மெல்லக் காற்று ஊதி, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் மேற்பரப்பு காய்ந்து ஒவ்வொரு செதிலின் விளிம்பும் எழும்பித் தெரியும். செவுள்மூடிக்குப் பின்னால் தோளெலும்பைத் தொடும் செதிலிலிருந்து, துளை உள்ள செதில்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிச் செல்லுங்கள். வால்துடுப்பு மடங்கும் இடத்தில் எண்ணிக்கையை நிறுத்தி, அதற்கு அப்பாலும் செதில் இருந்தால் கூட்டல் குறி போட்டுத் தனியாக எழுதவேண்டும். சிறு கெண்டைகளில் இந்தத் துளைச் செதில்களின் வரிசையான பக்கக்கோடு வால் வரை போகாமல் சில செதில்களோடு நின்றுவிடுவது உண்டு. அது எத்தனையாவது செதிலில் நிற்கிறது என்பதே இனத்தை அடையாளம் காட்டும் பண்பாக இருக்கலாம். முதுகுத்துடுப்பின் கடைசிக் கதிர் அடிவரை பிளந்து இரண்டாகத் தெரியும்; அதை ஒன்றாகக் கொள்வீர்களா, ஒன்றரையாக எழுதுவீர்களா என்பதைக் கட்டுரையில் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்தவர் உங்கள் எண்ணைத் தன் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

அளவுகளை மூக்குமுனையிலிருந்து வால்துடுப்பின் அடி எலும்பு வரையுள்ள நீளத்தின் சதவீதமாகத் தருவது வழக்கம். வால் முனை ஒடிந்துபோகும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. மீன் வளர வளர உடல் விகிதம் மாறும். ஆகவே 30 மில்லிமீட்டர் மீனை 60 மில்லிமீட்டர் மீனோடு ஒப்பிட்டு, கண் பெரிது என்று எழுதாதீர்கள். குஞ்சு மீனுக்குக் கண் பெரிதாகத்தான் இருக்கும். எண்ணிக்கைகள் இந்த வகையில் நம்பகமானவை, ஆனாலும் மாறாதவை அல்ல: முட்டையும் குஞ்சும் வளர்ந்த நீரின் வெப்பம் முதுகெலும்புகளின் எண்ணிக்கையைக்கூட ஒன்றிரண்டு மாற்றக்கூடும். ஒரே ஓர் எண்ணை நம்பாமல், ஒன்றையொன்று சாராத மூன்று நான்கு வேறுபாடுகள் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். முதுகெலும்பை எண்ண எக்ஸ்ரே வேண்டும். அருங்காட்சியகங்களில் அந்த வசதி இருக்கும்.

மரபணுச் சோதனை போதுமா என்ற கேள்விக்கு என் பதில்: போதாது, ஆனால் செய்யாமல் விடவும் கூடாது. பார்கோடு என்று சொல்லப்படுவது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகள். இரண்டு மூன்று சதவீத வேறுபாடு இருந்தால் தனி இனம் என்று பலர் பேசுகிறார்கள். அது ஒரு கைக்கணக்கு. இயற்கை விதித்த எல்லை அல்ல. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதால், எப்போதோ நடந்த கலப்பினச் சேர்க்கை இரண்டு இனங்களை ஒன்றாகக் காட்டிவிடும். மாறாக, அருவியால் நெடுங்காலம் பிரிந்துகிடந்த ஒரே இனத்தின் இரண்டு கூட்டங்கள் வெகுதூரம் விலகித் தெரியும். இன்னொரு சிக்கல், பொதுத் தரவுத்தளங்களில் உள்ள மரபணு வரிசைகளின் பெயர். யாரோ தவறாக இனங்கண்ட மீனின் வரிசையோடு ஒப்பிட்டு வேறுபாடு கண்டுபிடிப்பது வீண். உடலமைப்பும் மரபணுவும் வாழிடமும் ஒரே திசையில் கைகாட்டும்போதுதான் நான் துணிவேன்.

நீங்களே அறிவிக்கலாமா? பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் நெறிமுறை யாரிடமும் பட்டம் கேட்பதில்லை. அதன் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர் லத்தீன் எழுத்துகளில் இருக்கவேண்டும். புதிய இனம் என்று வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும். பிற இனங்களிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் தரவேண்டும். ஒரு மாதிரியை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு அடிப்படையான ஒற்றை மூல மாதிரி என்று நிர்ணயித்து, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்று சொல்லவேண்டும். மின்வடிவில் மட்டும் வெளியாகும் கட்டுரை விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் முன்கூட்டியே ஏறியிருக்கவேண்டும். நெறிமுறை கேட்பது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் இந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் நிறைவேற்றிய மோசமான விவரிப்புகள், பின்னால் வருபவர்களுக்கு ஒரு தலைமுறை வேலை வைத்துவிடுகின்றன. அந்தப் பேரினத்தில் பழகிய மீனியல் வல்லுநர் ஒருவரோடு சேர்ந்து எழுதுங்கள். இணையாசிரியராக உங்கள் பெயரும் மீனின் அறிவியல் பெயருக்குப் பின்னால் நிரந்தரமாக நிற்கும். கட்டுரை வெளியாகும்வரை, வைக்கப்போகும் பெயரை எங்கும் எழுதாதீர்கள், படத்தின் கீழ்க்கூட.

அம்மாவின் பெயர் தாராளமாக வைக்கலாம். ஒரு பெண்ணைச் சிறப்பிக்கும் பெயருக்கு வழக்கமாக லத்தீனில் 'ஏஇ' (ae) என்ற இரண்டு எழுத்து விகுதி சேரும், ஆணுக்கு 'ஐ' (i). எழுத்துக்கூட்டலை அச்சுக்கு முன் நன்றாகச் சரிபாருங்கள். வெளியான பிறகு திருத்த இடம் மிகக் குறைவு. உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்வதை நெறிமுறை தடுக்கவில்லை என்றாலும் துறையில் யாரும் மதிப்பதில்லை.

இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அழகான சிறு மீன் விவரிக்கப்பட்டவுடன் அலங்கார மீன் வணிகத்தின் கண் அதன்மேல் விழும். ஓர் ஓடையின் ஒரு கிலோமீட்டரில் மட்டும் வாழும் மீன் என்றால், துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை அருங்காட்சியகப் பதிவேட்டில் கொடுத்துவிட்டு, கட்டுரையில் ஆற்றின் பெயரோடும் பரந்த பகுதியோடும் நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

வலையை எடுக்கும் முன் உங்கள் ஆற்றுப்படுகையின் மீன்கள் சேகரிக்கப்பட்டிருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முதல் மாதிரி கிடைத்த நாளிலிருந்து அது விவரிக்கப்படும் நாள் வரை சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மீனும் யாரோ எப்போதோ பிடித்து, பெயரில்லாமல் அங்கே ஒரு குப்பியில் இருக்கலாம். கடிதத்தோடு இரு பக்கப் படங்கள், அளவுகோலோடு ஒரு படம், இரண்டாவது புள்ளி எத்தனை மீன்களில் எத்தனையில் இருந்தது என்ற கணக்கு, ஆற்றின் பெயர், பார்த்த மாதங்கள் ஆகியவற்றை அனுப்புங்கள். புள்ளி இல்லாத மீன்களையும் கணக்கில் சேர்க்க மறக்கவேண்டாம். காப்பாளர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.