மோட்டார் வண்டிக்கு முந்திய ‘கார்’

கேள்வி: 1856-ஆம் ஆண்டு அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றில், ஒருவர் ‘தி கார்ஸ்’ மோதி இறந்ததாக ஒரு குறிப்பு உள்ளது. அதைத் தமிழாக்கம் செய்து வருகிறேன். அந்தக் காலத்தில் கார் ஏது? இது அச்சுப்பிழையா?

பதில்: அச்சுப்பிழை அன்று. பெருநகரத்துக் குதிரை டிராம் என்பதற்கான குறிப்பு அங்கே இல்லையெனில், ‘ரயில் மோதி இறந்தார்’ என்றே நீங்கள் எழுதலாம்.

பிரிட்டனில் ‘கேரியேஜ்’ எனப்பட்ட ரயில் பெட்டியை அமெரிக்கர்கள் ‘கார்’ என்றார்கள். பெட்டிகள் பல கோத்து ஓடியதால், முன்னால் ‘தி’ சேர்த்துப் பன்மையில் ‘தி கார்ஸ்’ என்று சொன்னாலே முழு ரயிலையும் குறித்தது. ‘கார்களைப் பிடித்தார்’ என்றால் ரயிலேறினார். ‘கார்கள் மாறினார்’ என்றால் வழியில் வேறு ரயிலுக்கு மாறினார். அதே பத்தியில் ‘டெப்போ’ என்று வந்தால், பணிமனை என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது ரயில் நிலையமே.

நகரச் செய்திகளில் இன்னொரு பொருளும் உண்டு. நியூயார்க்கில் 1832-இல் தண்டவாளத்தின் மேல் குதிரை இழுக்கும் வண்டிகள் ஓடத் தொடங்கின, அவையும் கார்களே. 1888-இல் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராம் வெற்றிகரமாக ஓடி, பிற ஊர்களுக்கும் பரவிய பின் அந்தப் பெயர் டிராமுக்கும் நிலைத்தது. எனவே 1890-களின் தலைப்பில் ‘கார் ஸ்ட்ரைக்’ என்று கண்டால் அது டிராம் ஊழியர் வேலைநிறுத்தம். கறுப்பின மக்களைத் தனியே பிரித்து உட்கார வைத்த 1890-ஆம் ஆண்டு லூசியானா மாநிலச் சட்டத்தின் பெயரிலுள்ள (‘செபரேட் கார் ஆக்ட்’) ‘கார்’ ரயில் பெட்டியாகும். அநீதியான அந்தச் சட்டத்தைப் பற்றிய செய்தியில் இந்தச் சொல்லைத் தவறாகப் பெயர்த்தால், எந்த இடத்தில் அந்த மக்கள் அவமதிக்கப்பட்டார்கள் என்பதே வாசகருக்கு மறைந்துவிடும்.

உண்மையான சிக்கல் ஏறத்தாழ 1900 முதல் 1915 வரையிலான இதழ்களில்தான் இருக்கிறது. அப்போது டிராமும் மோட்டார் வண்டியும் ஒரே தெருவில் ஓடின. பின்னதை ‘ஆட்டோமொபைல்’, ‘ஆட்டோ’, ‘மெஷின்’ என்றெல்லாம் எழுதிய நிருபர்கள் சில வேளை ‘கார்’ என்றும் எழுதினர். ‘மோட்டார் கார்’ என்ற தொடரைக்கூட நம்பிவிட முடியாது. டிராம் துறையில் அது மின்பொறி பொருத்திய, இழுக்கும் பெட்டியைக் குறித்தது. ஓட்டியவர் ‘மோட்டர்மேன்’ என்றிருந்தால் டிராம், ‘ஷோஃபர்’ என்றிருந்தால் மோட்டார் வண்டி என்பது என் அனுபவத்தில் பெரிதும் கைகொடுக்கும் அடையாளம்.

இரண்டு வண்டிகளும் ஒரே விபத்தில் சேர்ந்த நிகழ்வும் உண்டு. 1899 செப்டம்பர் 13 அன்று நியூயார்க்கில் ஹென்றி பிளிஸ் என்பவர் டிராமிலிருந்து இறங்கியபோது மின்சார வாடகை வண்டி ஒன்று அவர்மீது மோதியது. மறுநாள் அவர் இறந்தார். அந்த ஆண்டுகளின் வழக்கில் அவர் இறங்கிய வண்டிதான் ‘கார்’, மோதியது ‘ஆட்டோமொபைல்’. மொழிபெயர்ப்பில் இவை இடம் மாறினால் நடந்ததே தலைகீழாகிவிடும்.

ஒரு குறிப்பை மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலவில்லையெனில், அதே இதழின் அடுத்தடுத்த நாள் பக்கங்களில் மரண விசாரணைச் செய்தியைத் தேடுங்கள். எந்தத் தடம், எந்த ரயில் அல்லது டிராம் நிறுவனம், ஓட்டியவர் யார் என்ற விவரங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.