கேன் தண்ணீர், கோழிக்கறி, மருந்துக்கு அடங்காத கிருமி

"கேன் தண்ணீரிலும் பிராய்லர் கோழியிலும் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி இருக்கிறதாமே, கொதிக்க வைத்தால் சாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாகும். மருந்துக்கு அடங்காத கிருமி என்பதற்காகக் கொதிக்கிற தண்ணீரில் அது பிழைத்துவிடாது. கறியும் உள்வரை நன்றாக வெந்தால் போதும். பயப்பட வேண்டியது சமைப்பதற்கு முந்தைய நேரத்துக்குத்தான். கறி அலசும்போது சிங்க்கைச் சுற்றித் தெறிக்கிற தண்ணீர், கறி வெட்டிய பலகையிலேயே நறுக்கும் வெள்ளரிக்காய், மாசக்கணக்கில் கழுவாத கேன் குழாய், மழைக்காலத்தில் சாக்கடை கலந்த சம்ப். மஞ்சள் போட்டு அலசாமல் நம் வீடுகளில் கறி சமைக்க மாட்டோம். சரி, குழாயைத் திறந்துவிட்டு அலசாமல் பாத்திரத்தில் நிதானமாக அலசுங்கள். அப்புறம் சிங்க், பலகை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நான் சென்னையில் ஒரு லேபில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பிரிவில் இருக்கிறேன். சிறுநீரில் வந்த கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் தெரியும். சில தட்டுகளில் வட்டமே இருக்காது, வில்லையின் விளிம்பு வரை பாய் விரித்த மாதிரி வளர்ந்திருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், செஃப்ட்ரியாக்சோன் என்று வரிசையாக 'ஆர்' (ரெசிஸ்டன்ட், அதாவது மருந்து கேட்காது) போட்டு ரிப்போர்ட் அனுப்புவோம். ஆஸ்பத்திரிப் படியே ஏறாதவர்களுக்கும் இப்படி வருவதுதான் மனதைப் பிசைகிறது.

இந்தக் கிருமி வயிற்றுக்குள் போனதும் பேதியாகும் என்றில்லை. சத்தமில்லாமல் குடலில் தங்கிவிடலாம். தன்னிடமுள்ள எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிகளுக்கும் கொடுக்கக்கூடும். என்றைக்கோ நீர்க்கடுப்போ ஆபரேஷனோ வரும்போதுதான் மருந்து கேட்கவில்லை என்பதே தெரியவரும்.

2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த என்.டி.எம்-1 ஆய்வில் சென்னை நோயாளிகளின் கிருமிகளும் இருந்தன. கார்பாபெனெம் போன்ற வீரியமான மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் நொதிதான் என்.டி.எம்-1. மறுவருடமே வெளிவந்த இன்னொரு ஆய்வில், டெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டில் அதன் மரபணு இருந்தது. கோழிப் பண்ணைகளில் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்துவந்த கொலிஸ்டினை 2019-இல்தான் மத்திய அரசு தடை செய்தது. ஐ.சி.யூ.வில் வேறெதுவும் கேட்காதபோது கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து அது! கோழிக்குத் தீனியாகப் போட்டிருக்கவே கூடாது.

வீட்டில் கைக்குழந்தையோ, கீமோ எடுப்பவரோ இருந்தால் கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே கொடுங்கள். சளி, காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள், அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பதே அதற்குத்தான். நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால், முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே கல்ச்சருக்குக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை போட்ட பிறகு வரும் சாம்பிளில் பல சமயம் கிருமி வளராது, எது கேட்கும் என்று எங்களால் சொல்ல முடியாமல் போய்விடும்.