ஒரு வருஷப் பீஸை மொத்தமாகக் கட்டலாமா? பாலக்காட்டுப் பெற்றோரின் கேள்விகள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். ஒன்பது வயது மகளைப் பொள்ளாச்சியில் ஒரு பரதநாட்டிய வகுப்பில் சேர்த்தேன். மாதம் 1,200 ரூபாய். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னதால் 14,400 கட்டினேன். இரண்டே மாதத்தில் டீச்சர் நின்றுவிட்டார். இப்போது பெரிய வகுப்பு மாணவி ஒருத்திதான் சொல்லித் தருகிறாள். பணத்தைக் கேட்டால், ரசீதின் அடியில் 'கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டில் போய் வழக்குப் போட வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டவே வேண்டாம். 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கும் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 1986-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தில் அந்த வசதி இல்லை. எதிர்த்தரப்பு இருக்கிற ஊருக்கோ, பிரச்சினை நடந்த ஊருக்கோதான் அலைய வேண்டியிருந்தது. காலையில் ஒரு மாநிலத்திலும் மாலையில் இன்னொரு மாநிலத்திலும் வாழ்க்கை நடத்துகிற நம் எல்லைப்புற மக்களுக்கு இந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரிய உதவி என்று பலருக்கு இன்னும் தெரியவில்லை. பாலக்காட்டில் பெயர்ப்பலகையில் நுகர்வோர் என்பது 'உபபோக்த்ரு' என்று மலையாளத்தில் இருக்கும். அதைப் பார்த்துப் போங்கள்.

ரசீதின் அடியில் இருக்கும் வரிக்கு வருவோம். அச்சடித்துவிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது. சொன்ன டீச்சர் இல்லை, அவருக்குச் சமமான ஆளும் இல்லை என்றால் அது சேவைக் குறைபாடு. நீங்கள் மனம் மாறிக் குழந்தையை நிறுத்தவில்லை, அவர்கள்தான் சொன்னதைத் தரவில்லை. இந்த வித்தியாசத்தைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மொத்தப் பணத்தையும் கேட்காதீர்கள். உண்மையாகவே நடந்த இரண்டு மாதத்துக்கு 2,400 கழித்து, மீதி 12,000 ரூபாய் கேளுங்கள். நியாயமான கணக்குக்குத் தனி மரியாதை உண்டு.

கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, கொடுத்ததற்கான சான்றை வைத்துக்கொண்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் ஆணையம்தான். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பள்ளிக்கூடமே நடத்துகிற நடனம், நீச்சல் போன்றவை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் சொல்லியிருக்கிறது. கோச்சிங் நிலையங்களுக்கு அந்த விலக்கு இல்லை. உங்களுடையது தனி வகுப்பு என்பதால் தைரியமாகப் போகலாம்.

என் மகளுக்கும் இப்படி ஒன்று நடந்தது. ஓவிய வகுப்பு. சேரும்போது பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், மூன்றாவது மாதம் முப்பதுக்கு மேல். ஒரு மணி நேரத்தில் மாஸ்டர் அவள் பக்கம் வந்ததே இல்லை. வருஷப் பணத்தைக் கையில் கொடுத்திருந்தேன், ரசீது வாங்கவில்லை. கேட்டபோது 'எந்தப் பணம்?' என்றார்கள். அன்றிலிருந்து மாதாமாதம் தவிர வேறு எப்படியும் நான் கட்டுவதில்லை. பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

அடுத்த வகுப்பு தேடும்போது அரைமணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். காலைத் தட்டி ஆடும் தொடக்கப் பாடமான தட்டடவு போடும்போது பாருங்கள்: ஒரு குழந்தையின் முட்டி உள்ளே மடங்கினால் டீச்சர் எழுந்து போய்த் திருத்துகிறாரா, அல்லது உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டுக்கழியைத் தட்டிக்கொண்டு ஃபோனைப் பார்க்கிறாரா? முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டி தப்பாகப் பழகினால் முட்டி வலி பல வருஷம் கூடவே வரும். சுவரில் தொங்கும் சான்றிதழைவிட இதுதான் எனக்கு முக்கியம்.

அப்புறம், பீஸோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி கேட்டால் ரசீதில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தனிநபர் ஒருவர் வீட்டில் வைத்துப் பாட்டோ நடனமோ சொல்லித் தந்தால் அந்த வரி கிடையாது. பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரியில் படித்து முடித்தவர்கள் வீட்டிலேயே வகுப்பு எடுப்பதுண்டு. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: கல்பாத்தியில் இருக்கிறேன். பேரனுக்கு ஏழு வயது. மிருதங்கம் கற்க ஆசைப்படுகிறான். கடையில் 24 அங்குலம் வாங்கினால் பெரியவனானாலும் உதவும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தாத்தாவின் சந்தோஷம் புரிகிறது. ஆனால் இன்றைக்கு வாங்க வேண்டாம். முதல் சில மாதம் மாஸ்டர் வீட்டு வாத்தியத்திலேயே கை பழகட்டும். வாங்கும்போதும் சட்டையைப் போல வளர்த்திக்குப் பெரிதாக எடுக்கக் கூடாது. 24 அங்குலம் தாழ்ந்த சுருதிக்கு, 22 அங்குலம் உயர்ந்த சுருதிக்கு. பலாமரக் கட்டை கனமும் அதிகம். ஏழு வயதுப் பையனின் மடியில் எது உட்காரும் என்பதை மாஸ்டர் சொல்லட்டும்.

அப்படி வாங்கும் நாளில் பேரனையும் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு பெருவெம்பாவுக்கே போங்கள். செண்டை, மத்தளம், மிருதங்கம் எல்லாம் செய்கிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கின்றன. தோலின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டமான கரணையை எப்படிப் படிப்படியாகத் தேய்த்து ஏற்றுகிறார்கள் என்பதைப் பையன் கண்ணால் பார்த்தால் வாத்தியத்தை ஒருநாளும் தரையில் உருட்ட மாட்டான். வலது பக்கத் தோல்முகமான வலந்தலையைச் சுற்றி, வார் கோத்திருக்கும் ஒவ்வொரு கண்ணுக்கு நேராகவும் தட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மந்தமாக இருந்தால் 'போகப் போகச் சரியாகும்' என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். தோல் வைத்துத் தைத்த மூட்டு மாற்ற என்ன செலவு, யார் மாற்றித் தருவார்கள் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். தோல் தேயத்தான் செய்யும். வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. கட்டை பலாதான் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: சித்தூரில் இருக்கிறோம். கோவையிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. நான்கு பிள்ளைகள். அதிகச் செலவில்லாமல் எங்கே கூட்டிப் போகலாம்?

பதில்: காலையில் பாலக்காட்டுக் கோட்டை. 1766-இல் ஹைதர் அலி கட்டியது. அகழி ஓரமாக ஒரு சுற்று நடந்தாலே பிள்ளைகளுக்கு நேரம் போய்விடும். மதியத்துக்குமேல் மலம்புழா. தோட்டம், ரோப்வே, பாம்புப் பூங்கா எல்லாவற்றுக்கும் தனித்தனி டிக்கெட் என்பதால், எது எது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். வாசலில் நின்று முடிவு செய்தால் நான்கு பிள்ளைகளும் நான்கு பக்கம் இழுப்பார்கள். சண்டிகர் பாறைத் தோட்டத்தை உருவாக்கிய நேக் சந்த் இங்கே வடிவமைத்த பாறைத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள். உடைந்த வளையலும் ஓட்டுத் துண்டும் அங்கே உருவங்களாக நிற்கின்றன.

ஜனவரி முதல் மே வரைக்குள் வருகிறார்கள் என்றால் இன்னொன்று இருக்கிறது. ஷொர்ணூர்ப் பக்கத்துப் பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும். ராம ராவண யுத்தம் நடந்தபோது தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் காளியால் அதைப் பார்க்க முடியவில்லையாம்; அவளுக்காகவே இந்தக் கூத்து என்று சொல்வார்கள். கூத்துமாடத்தில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக எரியும். பாடுவது என்ன தெரியுமா? கம்பராமாயணம். மலையாள ஊரின் நடுவே, நள்ளிரவில், கம்பன் பாட்டு. நம் பிள்ளைகளுக்கு அது காதில் விழ வேண்டும் என்று நான் ரொம்பவே ஆசைப்படுகிறேன். கோயிலில் நடப்பதற்கு டிக்கெட் இல்லை. ராத்திரி முழுக்க விழித்திருக்க முடியாத சின்னப் பிள்ளைகள் என்றால், கூனத்தறையில் புலவர் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே பேசிச் சிறிய காட்சி கேட்கலாம். அங்குள்ள ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: சுற்றுலா இடத்துக் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் கேட்கிறார்கள். தியேட்டரில் கைக்குழந்தையின் பாலைக்கூட வெளியே வைக்கச் சொல்கிறார்கள். இது சரியா?

பதில்: இரண்டும் சரியில்லை. கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கக் கூடாது. 'கூலிங் சார்ஜ்' என்று தனியாகவும் கேட்க முடியாது. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டலுக்கு மட்டும் உச்ச நீதிமன்றத்தின் 2017 டிசம்பர் தீர்ப்பின்படி விதிவிலக்கு உண்டு. பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எடையளவுத் துறையிடம் புகார் செய்யுங்கள். தியேட்டர்காரர்கள் வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. வாசலில் நிற்கும் பையனோடு சண்டை போடாமல், மேனேஜரைக் கூப்பிட்டு அதைச் சொல்லுங்கள்.