பிஎஸ்3 டிஸ்க் ஏன் பிஎஸ்5ல ஓடமாட்டேங்குது? எக்ஸ்பாக்ஸ்ல மட்டும் எப்படி பழைய கேம் ஓடுது?

பிஎஸ்3, அதாவது சோனியோட பிளேஸ்டேஷன் 3 கேம் மெஷின், அதுக்குள்ள இருந்த ப்ராசசர் அப்படி, அதான் காரணம். ஆனா இதுல எனக்கு நேரடி அனுபவம் இருக்கு, கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

2021ல பிஎஸ்5 வாங்கினப்போ வீட்ல இருந்த பிஎஸ்3யை ஒரு செகண்ட்ஸ் கடைல குடுத்துட்டேன். பழைய டிஸ்க் எல்லாம் புதுசுலயும் ஓடும்னு கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன், ஏன்னா பிஎஸ்2ல பிஎஸ்1 சிடி ஓடினதை சின்ன வயசுல கண்ணால பார்த்திருக்கேன். வீட்டுக்கு வந்து டிஸ்க்கை போட்டா மெஷின் ஏத்துக்கவே இல்ல. அதை விட பெரிய நஷ்டம், எங்க அண்ணன் ரெட் டெட் ரிடெம்ப்ஷன்ங்கற கேம்ல 90 பர்சன்ட் முடிச்சு வச்சிருந்த சேவ், அது அந்த ஹார்ட் டிஸ்க்கோட போயிடுச்சு. அவன் திட்டிருந்தா கூட பரவால்ல, ஒரு வார்த்தை கூட சொல்லல.

பிஎஸ்2ல மட்டும் எப்படி ஓடுச்சுன்னா, பிஎஸ்1ஓட ப்ராசசரையே அதுக்குள்ள வச்சிருந்தாங்க. பிஎஸ்2 கேம் ஓடும்போது அது கன்ட்ரோலர், மெமரி கார்டு மாதிரி வேலையை பார்த்துக்கும், பழைய சிடி போட்டா மறுபடி பிஎஸ்1 வேலைக்கு வந்துடும். 2006ல பிஎஸ்3 வந்தப்போவும் இதே வழி தான், பிஎஸ்2ஓட எமோஷன் இன்ஜின்ங்கற மெயின் ப்ராசசர், கிராபிக்ஸ் சிந்தசைசர்ங்கற படம் காட்டுற சிப், ரெண்டும் போர்டுலயே இருந்துச்சு. ஆனா அது செலவு, அதனால 2007 மார்ச்ல ஐரோப்பாக்கு வந்த மாடல்ல எமோஷன் இன்ஜினை எடுத்தாங்க, அந்த வருஷக் கடைசில வந்த 40 ஜிபி மாடல்ல ரெண்டுமே இல்ல, அதோட பிஎஸ்2 டிஸ்க் ஓடுறதும் நின்னுச்சு.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். பிஎஸ்3ல இருந்தது செல் ப்ராசசர். ஒரு மெயின் கோர், அதைச் சுத்தி எஸ்பிஇன்னு 8 குட்டி கோர், அதுல ஒண்ணை ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க, ஒண்ணை சிஸ்டம் எடுத்துக்கும், கேமுக்கு மிச்சம் 6. ஒவ்வொரு குட்டி கோருக்கும் வெறும் 256 கேபி சொந்த மெமரி, அதுக்குள்ள எந்த டேட்டா எப்போ வரணும் எப்போ போகணும்னு கேம் எழுதுறவங்களே கையால திட்டம் போட்டு எழுதணும். நல்ல டீமெல்லாம் அந்த 6 கோரையும் பிழிஞ்சு எடுத்தாங்க, அந்த காலத்து பிஎஸ்3 கேம் அவ்ளோ அழகா இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். 2013ல பிஎஸ்4 வந்தப்போ சாதாரண பிசி மாதிரி எக்ஸ்86 ஏஎம்டி ப்ராசசருக்கு மாறிட்டாங்க. பிஎஸ்5உம் அதே குடும்பம், அதனால 4000க்கு மேல இருக்கிற பிஎஸ்4 கேம்ல கிட்டத்தட்ட எல்லாமே அதுல ஓடுது. செல்லுக்கு மட்டும் வாரிசே இல்ல, அதனால அதுக்குன்னு எழுதின பிஎஸ்3 கேமை பிஎஸ்5 சிப்பால நேரா ஓட்ட முடியாது. ஸ்ட்ரீமிங்ல, அதாவது சோனி சர்வர்ல ஓடுற கேமை நெட் வழியா, பிஎஸ்3 கேம் ஆடலாம்னு சொல்வாங்க, ஆனா இந்தியால சோனியோட பிளேஸ்டேஷன் பிளஸ் மெம்பர்ஷிப்ல டீலக்ஸ் பிளான் தான் குடுத்தாங்க, அதுல ஸ்ட்ரீமிங் கிடையாது.

எக்ஸ்பாக்ஸ் கதை வேற. எக்ஸ்பாக்ஸ் 360ல இருந்தது பவர்பிசின்னு வேற வகை ப்ராசசர், அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ்86, அதாவது இங்கயும் சிப் மாறுச்சு. ஆனா மைக்ரோசாஃப்ட் உக்காந்து 360ஐ அப்படியே சாஃப்ட்வேர்ல உருவாக்குனாங்க, 2015 நவம்பர்ல 104 கேமோட ஆரம்பிச்சு, 2017ல 360க்கும் முன்னாடி வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் மெஷினோட கேம்களையும் சேர்த்தாங்க. எங்க சித்தப்பா பையன் வீட்ல அவனோட 360 ரெட் டெட் டிஸ்க்கை புது எக்ஸ்பாக்ஸான சீரீஸ் எக்ஸ்ல போட்டான், 4கேல ஓடுது, க்ளவுட்ல போட்டு வச்சிருந்த அவன் பழைய சேவும் வந்து நிக்குது. அதே கேம், நான் வச்சிருக்கிற டிஸ்க் மட்டும் பிரயோஜனமில்ல. அன்னைக்கு ரொம்ப வயித்தெரிச்சலா இருந்துச்சு.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அங்க டிஸ்க் வெறும் சாவி தான். டிஸ்க்ல இருந்து எதுவும் ஓடாது, கேம் மொத்தமும் நெட்ல டவுன்லோட் ஆகும். லிஸ்ட்ல இல்லாத கேம் ஓடாது, லைசென்ஸ் மற்றும் டெக்னிக்கல் பிரச்சனையால 2021 நவம்பர்ல கடைசியா 70 சொச்சம் கேமை சேர்த்துட்டு லிஸ்ட்டை மூடிட்டாங்க. டிஸ்க்குக்காக வாங்குறதா இருந்தா சீரீஸ் எஸ் வாங்காதீங்க, அதுல டிரைவே கிடையாது.

பிசில ஆர்பிசிஎஸ்3ன்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, அதாவது பிஎஸ்3 மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர், 2011ல இருந்து ஆர்வலர்களே சேர்ந்து உருவாக்குறது, நல்ல ப்ராசசர் இருந்தா நிறைய கேம் ஓடும். அதாவது செல்லை சாஃப்ட்வேர்ல கொண்டு வர முடியும், சோனி மனசு வச்சா பிஎஸ்5லயும் ஏதாவது வழி பண்ணலாம்னு தான் நான் நினைக்கிறேன்.

உங்க கிட்ட பிஎஸ்3 இன்னும் இருந்தா தயவுசெஞ்சு விக்காதீங்க. உள்ள தூசி தட்டி, சிப்புக்கு புது தெர்மல் பேஸ்ட் வைக்க சொல்லுங்க, சேவ் எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணி வைங்க. நான் போன வருஷம் பழைய ஸ்லிம் மாடல் ஒண்ணு தேடிப்பிடிச்சு வாங்கினேன். அண்ணன் சனிக்கிழமை ராத்திரி வந்து முதல்ல இருந்து ஆடுறான், இப்போ 40 பர்சன்ட் தாண்டியாச்சு.