கடன் முடியட்டும், பிறகு கப்பல் ஏறட்டும்

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து ஓர் அம்மா, படிப்பு, வேலை பற்றி என்னிடம் ஆலோசனை கேட்கத் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மஞ்சள் பை. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டிலிருந்து பி.இ. மெக்கானிக்கல் பட்டம் வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்து அதில் அடுக்கியிருந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்: "சார், இவன் ரெண்டு வருஷம் சம்பளமே இல்லாம கப்பல்ல போறேங்கான். நீங்கதான் புத்தி சொல்லணும்."

அவன் போக நினைப்பது லோகோஸ் ஹோப். துறைமுகம் துறைமுகமாகப் போய்ப் புத்தகக் கண்காட்சி நடத்தும் மிஷனரிக் கப்பல். பையனுக்கு 23 வயது. விசைப்படகு இன்ஜின் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் மாதம் 17,000 ரூபாய்க்கு வேலை செய்கிறான். பஹ்ரைனில் இருக்கும் தாய்மாமன் தினமும் போன் போட்டு, "ஜெர்மனிக்கு எம்.எஸ். அனுப்பு, வீட்டுப் பத்திரத்தை வச்சு லோன் வாங்கு" என்கிறார். அம்மா இரண்டு பக்கமும் இழுபட்டு, தூக்கமில்லாத கண்களோடு வந்திருந்தார்.

அம்மா, அன்று கொஞ்ச நேரம் உங்களுக்கு ஆறுதல் சொன்னேன். இப்போது எழுதுவது ஆறுதல் அல்ல. உங்கள் அண்ணன் சொல்லும் வழி தவறு. மகன் சொல்லும் வழி சரி, ஆனால் இன்றைக்கு அல்ல.

முதலில் எம்.எஸ். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது மாதாமாதம் ஓர் அளவு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், காட்டினால் போதும். ஆனால் உங்கள் கையில் இருந்த கன்சல்டன்சி தாளில் இருந்தது ஒரு தனியார் பல்கலைக்கழகம். மொத்தச் செலவு 26 லட்சம். 11 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டுமே மாதம் 23,000 ரூபாய்க்கு மேல் வரும். உங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளை பிளஸ் டூ படிக்கிறாள். அண்ணன் பஹ்ரைனில் இருந்துகொண்டு யோசனை சொல்லலாம். பத்திரம் போகப்போவது உங்கள் வீட்டுப் பத்திரம். இதில் நான் இறங்கி வரமாட்டேன். இந்தப் படிப்புக்காக வீட்டை வைக்காதீர்கள்.

பணம் இருந்தாலும் அவனை அங்கே அனுப்பச் சொல்லமாட்டேன். அன்று நீங்களும் பார்த்தீர்கள். அந்தப் பாடத்திட்டத்தை அவன் கையில் கொடுத்தேன்; கரண்ட் பில்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வைத்தான். "கடைசியா எந்த இன்ஜினைப் பிரிச்ச?" என்று கேட்டதும் ஆளே மாறிவிட்டான். அதே கன்சல்டன்சி தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாசில் ஒன்றை வரைந்தான். தெரேஸ்புரத்துப் படகு ஒன்று கரும்புகை கக்கியதையும், மூன்று மெக்கானிக்குகள் பம்பைக் குறை சொன்னதையும், துளையில் கார்பன் அடைத்திருந்ததைத் தான் கண்டுபிடித்ததையும் இருபது நிமிடம் சொன்னான். விரல் இடுக்கில் கிரீஸ் போகாத கறுப்பு. இந்தக் கையை வகுப்பறைக்குள் இன்னும் இரண்டு வருஷம் பூட்டி வைக்க வேண்டுமா?

இனி கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். அதைப் பற்றி உங்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஜார்ஜ் வெர்வர் தொடங்கிய ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற அமைப்பு 1970ல் லோகோஸ் என்ற பழைய கப்பலை வாங்கியது. 1977ல் டூலோஸ் என்ற இரண்டாவது கப்பல் வந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு டூலோஸ் வந்திருந்தபோது வரிசையில் நின்று ஏறிப் பார்த்தவர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இன்று ஓடும் லோகோஸ் ஹோப் 1973ல் கட்டப்பட்ட கார் ஃபெர்ரி, 132 மீட்டர் நீளம். 2004ல் வாங்கி, மாற்றி அமைத்து, 2009ல் வேலைக்கு இறக்கினார்கள். ஒரு காலத்தில் கார்கள் நின்ற தளத்தில்தான் இப்போது 5,000 தலைப்புகள் கொண்ட புத்தகக் கண்காட்சி நடக்கிறது. அங்கே புத்தகத்தின் விலைச்சீட்டில் டாலரோ ரூபாயோ இருக்காது, 'யூனிட்' என்றுதான் இருக்கும். ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை யூனிட்டுக்கு உள்ளூர்ப் பணம் எவ்வளவு என்று பலகையில் போட்டுவிடுவார்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் பணம் மாறும் கப்பலில் லட்சக்கணக்கான சீட்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டிருக்க முடியுமா? இந்த மாதிரிச் சின்ன ஏற்பாடுகளைப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு ஒழுங்காக நடக்கும் இடம் என்று புரிகிறது.

கப்பலில் 60க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள், 400 பேர் வரை இருப்பார்கள். கேப்டனிலிருந்து பாத்திரம் தேய்ப்பவர் வரை யாருக்கும் சம்பளம் கிடையாது. இதை உங்கள் அண்ணனுக்கு இரண்டு முறை சொல்லுங்கள். "பி.இ. முடிச்சுட்டுத் தட்டு கழுவப் போறானா?" என்று அவர் கேட்டதாகச் சொன்னீர்கள். ஆமாம், கழுவ வேண்டி வரலாம். எங்கே ஆள் தேவையோ அங்கேதான் போடுவார்கள்: டெக், இன்ஜின், சமையலறை, புத்தகக் கடை, அறைகள் சுத்தம் செய்யும் பிரிவு, கணக்கு, கப்பலில் வளரும் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். மெக்கானிக்கல் படித்ததால் இன்ஜின் ரூம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, உத்தரவாதம் இல்லை. நம் ஊர் அசனப் பண்டிகையில் ஒருநாள் ஊருக்கே சமைத்து, மாலையில் அண்டா தேய்த்துக் கை ஓய்ந்துபோகிறோமே, அந்தக் கப்பலில் தினமும் மூன்று வேளை அசனம். அதில் ஒரு மாதம் நின்றாலும் மனதார நிற்பேன் என்பவன்தான் அங்கே போக வேண்டும்.

இன்ஜின் ரூம் கிடைத்தால் என்ன கற்பான்? அவன் இப்போது பார்ப்பது ஒரு படகில் ஒரு இன்ஜின். கப்பல் என்பது மிதக்கிற ஊர். மெயின் இன்ஜின் ஒரு பக்கம் இருக்க, விளக்குக்கும் அடுப்புக்கும் ஜெனரேட்டர்கள், குடிநீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, ஏசி, தீயணைப்புப் பம்புகள் என்று எல்லாம் இரவும் பகலும் ஓட வேண்டும். கடலில் போகும்போது வாட்ச் முறை, அதாவது முறைவைத்துக் காவல் வேலை. காதை அடைக்கும் சத்தத்தில், வியர்வை சொட்ட, ஒவ்வொரு அளவுமானியாகப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணெய் எங்கேயாவது கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். 50 வயது தாண்டிய கப்பல் என்பதால் பழுது வராத வாரம் இருக்காது. புத்தம்புதுக் கப்பலைவிட இப்படிப்பட்ட கப்பலில்தான் மெக்கானிக் உருவாகிறான். கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் ட்ரை டாக்கில் ஏறும்போது கப்பலின் அடிவயிறு முழுக்கத் துருச் சுரண்டி, வால்வுகளைக் கழற்றி, மாற்றி, பெயிண்ட் அடிப்பார்கள். எந்தப் பல்கலைக்கழக லேபும் இதைக் காட்டாது.

தங்கும் அறை சின்னது. இரண்டு பேர், சில சமயம் நான்கு பேர். பல அறைகளுக்கு ஜன்னல் இல்லை. புழக்கத்தில் இருப்பது ஆங்கிலம் மட்டும். பிரேசில்காரனுக்கும் கொரியாக்காரனுக்கும் நடுவில் நின்று, உடைந்த ஆங்கிலத்தில் வேலை முடிக்கப் பழகியவன் எந்த இன்டர்வியூவுக்கும் பயப்படமாட்டான். வாரத்தில் ஒருநாள் ஊருக்குள் போய் மருத்துவமனை, சிறைச்சாலை, பள்ளிக்கூடம், சபை என்று ஊழியம் இருக்கும்.

"பாதுகாப்பா சார்?" என்று கேட்டீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். முதல் லோகோஸ் கப்பல் 1988 ஜனவரியில் தென் அமெரிக்காவின் தென்முனையில், பீகிள் கால்வாயில் பாறையில் ஏறி முடிந்துபோனது. ஏறியிருந்த எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். பழகிய பயிற்சிதான் காரணம். 1991 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸின் சம்போவாங்காவில் டூலோஸ் குழு நடத்திய நிகழ்ச்சியில் கையெறி குண்டு வீசப்பட்டு இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். 1914ல் கட்டிய அந்த டூலோஸை 2009 முடிவில் ஓய்வு கொடுத்து நிறுத்தினார்கள். 2010ல் வந்த கடுமையான தீப்பாதுகாப்பு விதிகளுக்கு அந்தப் பழைய கப்பல் ஈடுகொடுக்கவில்லை. இன்று அது இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் ஹோட்டலாக நிற்கிறது. ஆபத்தே இல்லாத இடம் என்று சொன்னால் பொய். ஆனால் கப்பல் விதிகள் தளர்வான இடம் என்று யாராவது சொன்னால் அதுவும் பொய்.

இனி பணம். இதில்தான் மகனோடு நான் மோதினேன்.

தம்பி, 'சம்பளம் இல்லை' என்றால் 'செலவு இல்லை' என்று அர்த்தமில்லை. உன் சாப்பாடு, இன்சூரன்ஸ், பயிற்சி எல்லாவற்றுக்கும் மாதாமாதம் ஒரு தொகையைச் சபையிலும் தெரிந்தவர்களிடமும் நீதான் திரட்ட வேண்டும். போக வர டிக்கெட், மருத்துவப் பரிசோதனை, விசா, கைச்செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று இந்தியாவில் உள்ள அவர்களுடைய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கு. வாயால் சொன்ன கணக்கை நம்பாதே. நடுவில் யாராவது 'கப்பலில் சேர்த்துவிடுகிறேன்' என்று கமிஷன் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடு. ஊழியத்துக்கு ஏஜென்ட் கிடையாது.

அதைவிட முக்கியமானது உன் கல்விக் கடன். 1,46,000 ரூபாய் பாக்கி என்றாய். படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் தவணைக்கு விலக்கு. உனக்கு அது முடிந்துவிட்டது. 'கப்பல்ல இருக்கும்போது அம்மா பாத்துக்குவாங்க' என்று நீ மெதுவாகச் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் போகவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்து அம்மா உன் தவணையைக் கட்ட, நீ தேவனுக்கு ஊழியம் செய்கிறேன் என்று போவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மாதம் பத்தாயிரம் கட்டு. 16 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அப்போது உனக்கு 24 முடிந்து 25 ஓடும். ஒன்றும் முழுகிப்போகாது. அம்மா, நீங்களும் வளையலை அடகு வைத்து இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். அவன் கடன், அவன் கட்டட்டும்.

இன்னொரு நெருக்கடி உங்கள் சபையிலிருந்து வருகிறது. அவன் இன்னும் முடிவு செய்யாதபோதே ஞாயிறு ஆராதனையில் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டார்கள் என்றீர்கள். போதகர் ஐயர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் பையனுக்கு அது மாமாவின் போனைப்போல இன்னொரு கயிறு. இது மிஷனரிக் கப்பல். அதிகாலை ஜெபமும் வேதபாடமும் அங்கே அன்றாட வாழ்க்கை. விசுவாசம் தன்னுடையதாக இல்லாமல், இன்ஜினுக்காகவோ நாடு பார்க்கவோ ஏறுபவன் மூன்றாம் மாதமே நொந்துபோவான். நீங்கள் எழுந்து வெளியே போன ஐந்து நிமிடத்தில் அவனிடம் கேட்டேன்: "சபையில பேரே சொல்லலன்னா போயிருப்பியா?" கொஞ்சம் யோசித்து, "போயிருப்பேன் சார். ஆனா அடுத்த வருஷம்" என்றான். அந்த 'அடுத்த வருஷம்' எனக்குப் பிடித்தது. பதற்றத்தில் சொன்ன பதில் இல்லை அது. ஐயரிடம் நீங்களே போய், 16 மாதம் கழித்துப் பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். அவன் மனம் நடுவில் மாறினாலும் குற்றவுணர்ச்சி வராத மாதிரிச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு என்ன என்பது உங்கள் கடைசிக் கேள்வி. வணிகக் கப்பல் வேலைக்கு இது நேரடிக் கதவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த ஓராண்டு ஜி.எம்.இ. படிப்பு, மெக்கானிக்கல் பட்டதாரிகளைக் கப்பல் இன்ஜினீயராக்கும் பயிற்சி, தனியாக இருக்கிறது. அதற்கு வயது வரம்பு உண்டு. ஏறும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளட்டும். மற்றபடி துறைமுகப் பராமரிப்பு, ஜெனரேட்டர் சர்வீஸ், கப்பல் பழுதுபார்க்கும் தளங்கள் எல்லாம் கையால் வேலை தெரிந்தவனைத் தேடும் இடங்கள். ஆனால் அவர்களிடம் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். தம்பி, முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போடு. என்ன இயந்திரம், என்ன பழுது, யார் மேற்பார்வை, எத்தனை மணி நேரம் என்று தேதியோடு எழுது. இறங்கும்போது சீஃப் இன்ஜினீயரிடம் வேலை விவரத்தோடு கடிதம் கேட்டு வாங்கு. 'நல்ல பையன்' என்ற ஒற்றை வரிக் கடிதம் எந்த ஹெச்.ஆரிடமும் செல்லாது.

இந்த 16 மாதத்தில் அவனுக்கு மூன்று வேலை வைத்திருக்கிறேன். தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசுவது, வரும் அசனத்தில் பந்தியில் நிற்காமல் அண்டா தேய்க்கிற பக்கம் நிற்பது, பாஸ்போர்ட் எடுப்பது. மூன்றாவது கொஞ்சம் அவசரம். மார்க்‌ஷீட்டில் இனிஷியலோடும் ஆதாரில் அப்பா பெயரை விரித்தும் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அந்த மஞ்சள் பையை இந்தச் சனிக்கிழமை மறுபடி எடுத்து வாருங்கள். லேமினேட் செய்யாத பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் இருந்தால் அதையும்.